காயம் ஆறிய பிறகும் நோவது ஏன்? முண்ணாணுக்குள் நடக்கிற மாற்றம்

“படத்தில ஒண்டும் இல்லை, எலும்பு வடிவாப் பொருந்தீட்டுது.” கிளினிக்கில் இதைக் கேட்டவர் நிம்மதியோடு வீடு திரும்ப வேண்டும். பலர் குழம்பிப்போய்த்தான் திரும்புகிறார்கள். சைக்கிளால் விழுந்து கை முறிந்தவருக்குக் கட்டுக் கழற்றி மாதக்கணக்காகிவிட்டது. கை இன்னும் நோகிறது. அக்கி வந்தவருக்குக் கொப்புளம் காய்ந்து பொருக்கும் உதிர்ந்துவிட்டது. அந்த இடத்தில் சட்டை உரசினால் தணல் பட்டதுபோல் எரிகிறது. தோட்டத்தில் குனிந்து வெங்காயம் கிண்டும்போது நாரியில் பிடித்த பிடிப்பு ஒரு கிழமையில் விட்டிருக்க வேண்டும். வருடம் திரும்பியும் விடவில்லை. வீட்டில் முதலில் எண்ணெய் பூசிவிடுவார்கள். பிறகு “அதையே நினைச்சுக்கொண்டிராதேங்கோ அம்மா” என்பார்கள். அதற்கும் பிறகு, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சந்தேகம் ஒன்று வீட்டுக்குள் வந்து குந்திக்கொள்ளும்: உண்மையாகவே நோகுதோ, இல்லாட்டி…

உண்மையாகவே நோகிறது. இப்படிப்பட்ட பலரிடம் மாறிப்போயிருக்கிற இடங்களில் முக்கியமானது முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாணில் இருக்கிறது. அங்கே ஒரு நரம்புக்கலம் செய்தியை அடுத்த நரம்புக்கலத்திடம் கையளிக்கிற சந்திப்புகள் உண்டு. நரம்பிணைப்பு அல்லது சினாப்ஸ் என்பார்கள். இரண்டு கலங்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளி ஏறக்குறைய 20 நனோமீற்றர். ஒரு தலைமயிரின் தடிப்பில் சில ஆயிரத்தில் ஒரு பங்கு. எக்ஸ்ரேக்கு அது தெரியாது, எம்ஆர்ஐக்கும் தெரியாது. ‘படத்தில் ஒன்றும் இல்லை’ என்றால், அந்தப் படத்துக்குத் தெரியக்கூடிய பொருள்களில் ஒன்றும் இல்லை என்று மட்டும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டுவிட்டுத் திரும்ப வருகிற நோவை மருத்துவர்கள் நாட்பட்ட நோ என்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் அது ஒழுங்காக வகுக்கப்பட்ட தனித் தொகுதியாக இடம்பிடித்தது 11 ஆவது பதிப்பில்தான். அந்தப் பதிப்பு நடைமுறைக்கு வந்தது 2022 இல். அவ்வளவு பிந்தித்தான் உலகமே இதை ஏற்றுக்கொண்டது என்றால், எங்கள் வீட்டு விறாந்தையில் ஏற்றுக்கொள்ளச் சுணங்குவதில் ஆச்சரியம் இல்லை.

நோ போகும் வழி

காலின் பெருவிரலைக் கதவு நிலையில் இடித்தால் இரண்டு நோக்கள் வரும். கவனித்திருப்பீர்கள். இடித்தவுடன் ‘சுரீர்’ என்று ஒன்று. கொஞ்சம் பொறுத்து, ‘ஐயோ’ என்று குந்தியிருந்து காலைப் பிடிக்க வைக்கும் உளைவும் எரிவுமாக இன்னொன்று. இரண்டையும் கொண்டுபோகும் நார்கள் வேறு வேறு. முதலாவது ஏ-டெல்ரா நார். மெல்லிய மயலின் உறை போட்டது, செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வரை ஓடும். இரண்டாவது சி நார். உறையே இல்லாதது, செக்கனுக்கு அரை மீற்றர் முதல் இரண்டு மீற்றர் வரைதான். வளர்ந்த ஒருவரின் பெருவிரலிலிருந்து முண்ணாண் வரை சுமார் ஒரு மீற்றர் தூரம். அந்த இரண்டாவது நோ பிந்தி வருவதற்கு இதுதான் கணக்கு.

இந்த நார் ஒவ்வொன்றும் ஒரே ஒரு கலத்தின் பகுதி. கலவுடல் முண்ணாணுக்கு அருகிலே, முள்ளந்தண்டின் ஓரமாக உள்ள திரட்டொன்றில் இருக்கும். அதன் ஒரு கிளை பெருவிரல் வரை போகும், மற்றக் கிளை முண்ணாணுக்குள் நுழையும். அங்கே கலம் முடிகிறது. மூளைக்குச் செய்தி போக வேண்டுமானால் அந்த இடத்தில் கைமாற வேண்டும்.

கைமாறும் இடம் முண்ணாணின் முதுகுப்புறக் கொம்பு. உயர்தர உயிரியல் படித்தவர்களுக்கு அந்தக் குறுக்குவெட்டுப் படம் நினைவிருக்கும்: நடுவில் வண்ணத்துப்பூச்சி வடிவத்தில் நரைநிறச் சடப்பொருள், அதன் பின்சிறகுகள் இரண்டும் முதுகுப்பக்கம் பார்த்தபடி. 1952 இல் ரெக்ஸெட் என்ற சுவீடன் நாட்டு ஆய்வாளர் பூனையின் முண்ணாணை நுணுக்குக்காட்டியில் பார்த்து, இந்த நரைநிறப் பகுதியைப் பத்துப் படைகளாகப் பிரித்தார். நோ நார்களில் பெரும்பாலானவை முதல் இரண்டு படைகளில் வந்து முடிகின்றன. மெல்லத் தொடுதல், தடவுதல் போன்றவற்றைக் கொண்டுவரும் தடித்த ஏ-பீற்றா நார்கள் அதற்குக் கீழே, மூன்றாம் படையிலிருந்து ஐந்தாம் படை வரை முடிகின்றன. இந்தப் பிரிவை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

பாடப்புத்தகப் படங்கள் இங்கே ஒரு அம்புக்குறியைப் போட்டுவிட்டு நேரே மூளைக்குப் போய்விடுகின்றன. அதனால் முண்ணாணை வெறும் கம்பி என்றே பலரும் நினைத்துக்கொள்கிறோம். உள்ளே பார்த்தால் கதை வேறு. முதுகுப்புறக் கொம்பில் உள்ள கலங்களில் மூளைக்குச் செய்தி அனுப்புபவை மிகச் சிறிய பங்கு. மற்றவை எல்லாம் அக்கம்பக்கத்துக் கலங்களோடு மட்டும் தொடர்புள்ள இடைநரம்புக்கலங்கள். சில செய்தியைக் கூட்டும், சில அடக்கும். இவை தங்களுக்குள் கணக்குப் பார்த்த பிறகு மிஞ்சுவதே மேலே போகிறது.

விழுந்த பிள்ளையின் முழங்காலை அம்மா தடவிவிட்டால் அழுகை அடங்குவதற்கு அன்பு மட்டும் காரணம் இல்லை. தொடுகை நார்கள் உற்சாகப்படும்போது அடக்கும் இடைநரம்புக்கலங்கள் வேலை செய்து நோச் செய்தியைக் குறைக்கின்றன. ரொனால்ட் மெல்சாக், பற்றிக் வோல் இருவரும் 1965 இல் வெளியிட்ட வாயிற் கொள்கையின் சாரம் இது. அவர்கள் வரைந்த சுற்று அப்படியே சரி என்று இன்று யாரும் சொல்வதில்லை. ஆனால் நோவின் அளவு முண்ணாணிலேயே கூடவும் குறையவும் முடியும் என்ற எண்ணம் நின்றுவிட்டது. கூட முடியும் என்றால், கூடிய அளவிலேயே நின்றுபோகவும் முடியுமா? எங்கள் கேள்வி அதுதான்.

இணைப்பில் என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள். மற்றது எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

நோ நாரின் முனையில் குளுத்தமேற்று என்ற இரசாயனம் சின்னச் சின்னப் பைகளில் நிரம்பியிருக்கும். மின்கணத்தாக்கம் முனைக்கு வந்து சேர்ந்தவுடன் கல்சியம் அயன்கள் உள்ளே புக, பைகள் உடைந்து குளுத்தமேற்று இடைவெளிக்குள் கொட்டும். அக்கரையில் உள்ள கலத்தின் மென்சவ்வில் அதைப் பிடிக்க வாங்கிகள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு வகை எங்களுக்கு முக்கியம். ஒன்று ஆம்பா வாங்கி. மற்றது என்எம்டிஏ வாங்கி.

ஆம்பா எளிய ஆள். குளுத்தமேற்று ஒட்டியதும் திறக்கும், சோடியம் உள்ளே போகும், கலம் கொஞ்சம் உற்சாகப்படும், மூடிவிடும். ஊசி குத்துவது, எறும்பு கடிப்பது போன்ற சின்ன நோக்களில் வேலை இதோடு முடிந்துவிடும்.

என்எம்டிஏ வாங்கிக்கு ஒரு விசேடம் உண்டு. அதன் துளைக்குள்ளே மகனீசியம் அயன் ஒன்று போய் அடைத்துக்கொண்டிருக்கும். குளுத்தமேற்று வந்து ஒட்டினாலும் ஒன்றும் உள்ளே போகாது. 1984 இல் இரண்டு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியாக இதைக் காட்டின. அந்த மகனீசியம் விலக வேண்டுமானால், கலத்தின் உட்புறம் ஏற்கெனவே போதுமான அளவு நேரேற்றம் பெற்றிருக்க வேண்டும். அதாவது குளுத்தமேற்று வந்திருக்கவும் வேண்டும், கலம் அந்த நேரத்தில் நன்றாக உற்சாகப்பட்டிருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும்.

பெரிய காயம், நாட்கணக்கில் நிற்கிற அழற்சி, நசிபட்ட நரம்பு போன்றவற்றில் நடப்பது இதுதான். சி நார்கள் ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. குளுத்தமேற்றோடு பி பொருள் என்ற சிறு புரதத்துண்டும் கொட்டுகிறது. 1931 இலேயே கண்டுபிடிக்கப்பட்ட பொருள் அது. அதன் தாக்கம் மெதுவானது, ஆனால் நீண்ட நேரம் நிற்கும். ஒரு உற்சாகம் அடங்க முதல் அடுத்தது வந்து சேர, கலம் மேலும் மேலும் நேரேற்றம் பெறுகிறது. மகனீசியம் வெளியே தள்ளப்படுகிறது. என்எம்டிஏ திறக்கிறது. இப்போது அதன் வழியே சோடியத்தோடு கல்சியமும் உள்ளே பாய்கிறது.

கல்சியம் உள்ளே போனால் கலத்துக்கு அது ஒரு கட்டளை. சில நொதியங்கள் விழித்துக்கொள்கின்றன. அவை ஆம்பா வாங்கிகளில் பொசுபேற்றுக் கூட்டங்களை ஒட்ட, அந்த வாங்கிகள் முன்பைவிடக் கூடுதல் அயன்களை விடுகின்றன. கலத்துக்குள்ளே இருப்பில் கிடந்த ஆம்பா வாங்கிகள் மென்சவ்வுக்குக் கொண்டுவந்து பொருத்தப்படுகின்றன. என்எம்டிஏ வாங்கியும் மாற்றப்பட்டு இன்னும் இலேசாகத் திறக்கிறது. இது நீண்டுகொண்டே போனால் கரு வரை செய்தி போய், பரம்பரையலகுகள் இயங்கி, புதிய புரதங்கள் உருவாகின்றன. முடிவில் என்ன? நாரின் முனை முன்பு கொட்டிய அதே அளவு குளுத்தமேற்றைக் கொட்டினாலும், அக்கரைக் கலம் முன்பைவிடப் பல மடங்கு துள்ளுகிறது.

மூளை ஆய்வாளர்களுக்கு இந்த மாற்றம் புதிதல்ல. 1973 இல் ரிம் பிளிஸ், தெரியே லோமோ இருவரும் முயலின் மூளையில், நினைவுக்குப் பொறுப்பான ஹிப்போகாம்பஸ் பகுதியில் இதைக் கண்டு எழுதினார்கள். ஒரு இணைப்பை வேகமாகத் தூண்டிவிட்டால் அது மணிக்கணக்காகப் பலப்பட்டே நிற்கிறது. நீடித்த வலுவேற்றம் என்று சொல்லலாம். பிள்ளைகள் வாய்ப்பாடு பாடமாக்குவதற்கு அடியில் இருப்பதாகக் கருதப்படும் பொறிமுறை இது. 1990 களில் அதே வலுவேற்றம் முண்ணாணின் நோ இணைப்புகளிலும் காட்டப்பட்டது. 2000 களில் வியன்னாவில் யூர்கன் சான்ட்கூலரின் குழு, மூளைக்கு நோச் செய்தி அனுப்புகிற அதே முதற்படைக் கலங்களில் இது நடப்பதைக் காட்டியது. பாடமாக்குவது நல்ல காரியம்தான். எதைப் பாடமாக்குகிறோம் என்று முண்ணாண் கேட்பதில்லை.

இதோடு ஒன்றைக் குழப்பக்கூடாது. சி நார்களைச் செக்கனுக்கு ஒரு தடவை என்ற மாதிரி ஒரே பலத்தில் தூண்டினாலே முண்ணாண் கலத்தின் மறுமொழி தடவைக்குத் தடவை ஏறிக்கொண்டு போகும். லோர்ன் மெண்டல் 1960 களில் எழுதியது. தூண்டுதல் நின்றால் அது சற்று நேரத்தில் அடங்கிவிடும். நீடித்த வலுவேற்றம் தூண்டுதல் நின்ற பிறகும் நிற்கும். முதலாவது இரண்டாவதுக்கு வழிவிடலாம், ஆனால் இரண்டும் ஒன்றல்ல. இணையத்தில் வாசிக்கிற பல கட்டுரைகள் இரண்டையும் ஒன்றாக்கிக் குழைத்து வைத்திருக்கின்றன.

காயத்தைத் தாண்டி

1983 வரை பெரும்பாலானோரின் எண்ணம், காயத்துக்குப் பிறகு உடம்பு கூருணர்வு அடைவது, அதாவது சின்னத் தூண்டுதலுக்கும் அதிகமாக நோவது, காயம்பட்ட இடத்திலேயே நடக்கிறது என்பதுதான். அது பாதி உண்மை. அழற்சியில் ஊறும் இரசாயனங்கள் நோ நார்களின் முனைகளைக் கூராக்குகின்றன. அந்த வருடம் இலண்டனில் பற்றிக் வோலோடு வேலை செய்த கிளிபோர்ட் வூல்ப், எலிகளில் செய்த ஆய்வொன்றை வெளியிட்டார். பாதத்தில் காயம்பட்ட எலியில், காலை இழுத்துக்கொள்கிற தெறிவினை காயத்துக்குப் பிறகு எளிதாகவும் பலமாகவும் வந்தது. காயம்படாத மற்றக் காலிலும் மாற்றம் தெரிந்தது. காயம்பட்ட இடத்தை விறைக்கச் செய்த பிறகும் அது முழுதாகப் போகவில்லை. ஆக, மாற்றத்தின் ஒரு பங்கு முண்ணாணில். இதற்கு மையக் கூருணர்வு என்று பெயர் வந்தது.

மனிதரில் இதைக் காட்டிய பரிசோதனைக்கு எங்கள் குசினியில் உள்ள சாமானே போதும். செத்தல் மிளகாயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் தோலிலுள்ள ரிஆர்பிவி1 என்ற வாங்கியைத் திறக்கிறது. அந்த வாங்கியை 1997 இல் இனங்கண்ட டேவிட் ஜூலியஸுக்கு 2021 இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அதே வாங்கி ஏறக்குறைய 43 பாகை வெப்பத்துக்கும் திறக்கும். மிளகாய் இடித்த கையைச் சுடுதண்ணீரில் வைத்தவர்களுக்கு இந்த விளக்கம் தேவைப்படாது. ஆனால் அது தோலில் நடக்கிற காரியம். முண்ணாணின் பங்கு தெரிய வேண்டுமானால் கப்சைசினைத் தோலுக்குள் ஊசியால் கொஞ்சம் ஏற்ற வேண்டும்.

1990 களின் தொடக்கத்தில் லமொட், தோரெபியோர்க் ஆகிய ஆய்வாளர்கள் தொண்டர்களின் கையில் இதைச் செய்தார்கள். ஊசி போட்ட புள்ளி கடுமையாக எரியும், எதிர்பார்த்ததுதான். ஆனால் மருந்து போய்ச் சேராத சுற்றுவட்டமெல்லாம், பஞ்சால் தடவினாலே நோகும்படி ஆகிவிட்டது. அந்த வட்டத்தில் உள்ள தோலுக்கு ஒரு சேதமும் இல்லை. இன்னொரு தடவை, ஊசி போட முதல் அந்த இடத்து நரம்பை மேலே விறைக்கச் செய்தார்கள். கப்சைசின் ஏற்றப்பட்டது, செய்தி முண்ணாணுக்குப் போகவில்லை. விறைப்பு விட்ட பிறகு பார்த்தால் சுற்றுவட்டம் உருவாகவே இல்லை. தோல் அதே தோல், உறைப்பும் அதே உறைப்பு. முண்ணாணுக்கு மட்டும் சேதி தெரியவில்லை, அதனால் அது மாறவும் இல்லை. நோ ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை இது. இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

அதிலும் வியப்பானது அடுத்தது. ஒரு தனித் தொடுகை நாரை மின்னால் தூண்டியபோது, கப்சைசினுக்கு முன் அந்தத் தொண்டர் வெறும் தொடுகையைத்தான் உணர்ந்தார். கப்சைசினுக்குப் பிறகு அதே நாரின் அதே தூண்டுதல் நோவாக உணரப்பட்டது. நார் மாறவில்லை. அது கொண்டுவந்த செய்தியை முண்ணாண் வேறு கணக்கில் பதிந்துகொண்டது.

மூன்றாம் படையிலிருந்து கீழே தொடுகை நார்கள், அதற்கு மேலே நோ நார்கள் என்று முன்பு சொன்னேன் அல்லவா? இரண்டுக்கும் நடுவில் இணைப்புகள் சாதாரண நாளிலும் உண்டு. ஆனால் பலம் குறைவு, அடக்கப்பட்டும் இருக்கும். தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும்போது ஒரு வரம்பு கரைந்தால், மிளகாய்ப் பாத்திக்குக் கட்டிய தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குள்ளும் போய்விடும். முதற்படைக் கலம் கூருணர்வு அடைந்து, அடக்கும் கலங்களும் தளர்ந்துவிட்டால், தொடுகைச் செய்தி நோவின் பாதைக்குள் அப்படித்தான் புகுந்துவிடுகிறது. அக்கி ஆறியவருக்குச் சட்டை உரசினால் எரிவதும், சலரோகக்காரருக்குக் காலில் போர்வை பட்டால் தாங்கமுடியாமல் இருப்பதும் இந்த வழியால்தான் என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அக்கியிலும் சலரோகத்திலும் நரம்புநாரே பழுதுபட்டிருப்பதால் முண்ணாணுக்கு வெளியிலும் கோளாறு இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும்.

அடக்குபவை ஏன் தளர்கின்றன? அடக்கும் கலங்கள் காபா, கிளைசின் என்ற இரசாயனங்களைக் கொட்டுகின்றன. அவை குளோரைட்டு அயன்களை உள்ளே விட்டு, எதிரேற்றத்தால் கலத்தை அமைதிப்படுத்துகின்றன. இது நடக்க, கலத்துக்குள் குளோரைட்டு குறைவாக இருக்க வேண்டும். உள்ளே சேர்வதை வெளியே இறைத்துக்கொண்டிருக்க கேசிசி2 என்ற புரதம் இருக்கிறது. கனடாவில் இவ் டி கொனின்கின் குழு 2003 இலும் 2005 இலும் எலிகளில் காட்டியது இது: நரம்பு பழுதுபட்டால் முண்ணாணிலுள்ள மைக்ரோகிளியா என்ற நிர்ப்பீடனக் கலங்கள் கிளர்ந்து ஒரு வளர்ச்சிப் புரதத்தை விடுகின்றன, அதனால் நோக் கலங்களில் கேசிசி2 குறைகிறது, குளோரைட்டு உள்ளே தேங்குகிறது. அதன் பிறகு காபா வந்தாலும் அடக்கம் வராது. சில கலங்களில் எதிர்மாறாக உற்சாகமே வந்துவிடும்.

இந்த மைக்ரோகிளியாக் கதையைப் பல வருடங்களாக எல்லோருக்கும் பொது என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். பெரும்பாலான பரிசோதனைகள் ஆண் எலிகளில் செய்யப்பட்டவை என்பது பிறகுதான் உறைத்தது. 2015 இல் வெளிவந்த ஆய்வொன்று, ஆண் சுண்டெலிகளில் மைக்ரோகிளியாவைத் தடுத்தால் கூருணர்வு குறைவதையும், பெண் சுண்டெலிகளில் அது குறையாததையும் காட்டியது. பெண்களில் அதே விளைவுக்கு வேறு நிர்ப்பீடனக் கலங்கள் பொறுப்பாக இருக்கலாம் என்றது. நாட்பட்ட நோவால் கூடுதலாகத் துன்பப்படுகிறவர்கள் பெண்கள். பரிசோதனைக்கு எடுத்ததோ ஆண் எலி. இதை வாசித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

மூளையும் பேசாமல் இருப்பதில்லை. நடுமூளையிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் முண்ணாணுக்கு இறங்கிவரும் நார்கள் சிரோட்டொனினையும் நோர்அட்ரினலினையும் கொட்டி, இதே இணைப்புகளை அடக்கவும் கூட்டவும் செய்கின்றன. செல்லடியில் காயப்பட்ட கணத்தில் நோவே தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களை எங்கள் ஊரில் பலருக்குத் தெரியும். அது மனவலிமை மட்டும் இல்லை, இறங்கிவரும் அடக்கலும்தான். நித்திரையின்மையும் நீண்ட பயமும் கவலையும் இந்த அடக்கலைத் தளர்த்துகின்றன. இதைச் சொன்னால் சிலர் ‘அப்ப மனசுதான் காரணம்’ என்று பழைய இடத்துக்கே போய்விடுவார்கள். நித்திரையில்லாதவருக்குச் சீனியும் பிரஷரும் ஏறும். அதற்காகச் சலரோகத்தை மனதின் வேலை என்று யாரும் சொல்வதில்லையே.

இதைக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். தேய்ந்த முழங்கால் உண்மையாகவே தேய்ந்திருக்கிறது. சிக்குன்குனியாவுக்குப் பிறகு மாதக்கணக்கில் மூட்டு நோகிறவருக்கு மூட்டிலேயே அழற்சி இருக்கலாம். வெளியிலிருந்து செய்தி வந்துகொண்டே இருந்தால் முண்ணாணின் கூருணர்வும் அணையாமல் எரியும். முழங்கால் மாற்றிய ஒப்பரேசனுக்குப் பிறகு நோ நீங்கியவர்களில் உடம்பின் பொதுவான கூருணர்வும் குறைவதைக் கண்டிருக்கிறார்கள். மூட்டு மாற்றியும் நோ போகாத ஒரு பகுதியினரும் இருக்கிறார்கள். யுத்தத்தில் காலை இழந்து ஜெய்ப்பூர் கால் போட்டிருப்பவர்கள், இல்லாத காலின் விரல் நோகிறது என்று சொல்வதிலும் முண்ணாணுக்குப் பங்குண்டு; ஆனால் வெட்டுப்பட்ட நரம்பின் முனைக்கும் மூளையின் மேற்பட்டைக்கும் கூடப் பங்குண்டு. முதுகு நோவோடு சலம் போகாமல் அடைத்தாலோ, தொடைகளுக்கு இடையில் விறைத்தாலோ, கால் பலமிழந்தாலோ, காய்ச்சலும் மெலிவும் சேர்ந்தாலோ, அது இந்தக் கட்டுரையின் விடயம் அல்ல. உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய விடயம்.

மருந்துத் துண்டில் எழுதியிருப்பது

பெனடோலும் டைக்ளோபினக்கும் இந்த வகை நோவில் ஏன் அதிகம் உதவுவதில்லை என்பது இப்போது ஓரளவு விளங்கும். டைக்ளோபினக் முக்கியமாக அழற்சி உள்ள இடத்துக்கான மருந்து. இணைப்பில் கை வைக்கிற மருந்துகள் வேறு. அவற்றைப் பார்த்துத்தான் சனம் பயப்படுகிறது.

பாமசியில் வாங்கிய அமிற்றிப்ரிலின் பெட்டிக்குள் இருக்கும் தாளில் மனச்சோர்வு மருந்து என்று எழுதியிருக்கும். “எனக்கென்ன விசரே?” என்று அதை அப்படியே மேசையில் வைத்துவிடுகிறவர்கள் உண்டு. அது நரம்பிணைப்புகளில் நோர்அட்ரினலினும் சிரோட்டொனினும் கூடுதல் நேரம் நிற்கச் செய்கிறது. அதாவது மூளையிலிருந்து இறங்கிவரும் அடக்கலைப் பலப்படுத்துகிறது. நோவுக்குக் கொடுக்கும் அளவு மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் குறைவு. டுலொக்செற்றினும் இதே வழி. கபபென்ரின், பிரிகபலின் இரண்டின் தாளிலும் வலிப்பு மருந்து என்று இருக்கும். அவை நாரின் முனையிலுள்ள கல்சியக் கால்வாய்களின் ஒரு துணையலகில் ஒட்டி, கொட்டுகிற குளுத்தமேற்றின் அளவைக் குறைக்கின்றன. என்எம்டிஏ வாங்கியை நேரடியாக அடைப்பது கெற்றமின். மயக்க மருந்தாகத் தெரிந்த அதை, கண்காணிப்போடு, சில கடும் நோக்களுக்குச் சிறிய அளவில் பாவிக்கிறார்கள். மோபின் வகை மருந்துகள் புதிய காயத்துக்கு மிக நல்லவை. நீண்டகாலம் எடுத்தால் சிலரில் நோக் கூருணர்வை அவையே கூட்டிவிடும்.

வியன்னாக் குழுவே 2012 இல் இன்னொன்றையும் காட்டியது. எலியின் முண்ணாணில் பலப்பட்டுவிட்ட இணைப்புகளை, மோபின் வகை மருந்து ஒன்றைக் கொஞ்ச நேரத்துக்கு மிகக் கூடிய அளவில் கொடுத்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடிந்தது. வாட்டில் கொடுக்கிற சிகிச்சையாக அது வரவில்லை. ஆனாலும் பலப்பட்ட இணைப்பு கல்லில் வெட்டியதில்லை என்பதற்கு அது சான்று.

மருந்தில்லாமலும் இதே இடத்தில் கை வைக்கலாம். நோகிறது என்று அசையாமல் கிடப்பவருக்குத் தசை மெலிந்து மூட்டு இறுகும். பயமும் நித்திரையின்மையும் சேர்ந்து இறங்கிவரும் அடக்கலைக் குறைக்கும். மெல்லத் தொடங்கி, நோவின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்காமல் நாளுக்கு நாள் குறித்த அளவு நடப்பதும், இயன்மருத்துவர் காட்டும் பயிற்சியும் அந்த அடக்கலைத் திரும்ப எழுப்ப உதவுகின்றன. முதல் சில நாட்களில் நோ கூடும். ஆறிய உறுப்பில் அந்தக் கூடுதல் பெரும்பாலும் புதிய சேதத்தின் அடையாளம் அல்ல. இதைப் பயிற்சி தொடங்க முதலே ஒருவர் இருந்து சொல்லிவிட்டால், பாதியில் விடுகிறவர்கள் குறைவார்கள் என்பது என் எண்ணம்.

அமிற்றிப்ரிலினைப் பெரும்பாலும் இரவில்தான் எடுக்கச் சொல்வார்கள், நித்திரை வரும் என்பதால். காலையில் வாய் வரளும், தலை மந்தமாக இருக்கும். வயதானவர் எழும்பும்போது கவனமாக இருக்க வேண்டும். நோவில் மாற்றம் தெரியச் சில கிழமைகள் பிடிக்கலாம். மூன்று நாள் போட்டுப் பார்த்துவிட்டு ‘சரிவரேல்லை’ என்று விடுவதில் பலன் இல்லை. கபபென்ரினையும் பிரிகபலினையும் சடுதியாக நிறுத்தக்கூடாது. அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் விட வேண்டும், அதையும் எழுதித் தந்த டொக்டரைக் கேட்டுவிட்டு.